அவள் என்னிடம் சொன்னாள்

சென்ற மாதம் எங்கள் சபையில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். கை கால் விழுந்து, மூச்சும் ஒடுங்கி, இயந்திரத்தில் கிடந்த என்னைக் கர்த்தர் எழுப்பி நடக்கவைத்தார் என்று சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். மைக்கில் சொல்ல வாய் வராத மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே நோய் வந்தவர்களுக்கு நோயைப் பற்றிய பகுதி உதவலாம். மற்றது யாருக்கு உதவும் என்று எனக்குத் தெரியாது.

என் பெயர் எஸ்தர். வயது நாற்பத்தாறு. பல்லடம் போகும் சாலையில் எங்கள் வீடு. கணவர் தேவராஜ் பவர்டேபிள் டெய்லர், மின்சாரத் தையல் மெஷினில் பனியன் தைப்பவர். ஒரே மகள் ஜெனி கல்லூரியில் இரண்டாம் வருடம். நான் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியில் ஒன்பது வருடம் வார்டனாக இருந்தேன்.

நோய் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் தொடங்கியது. வெள்ளகோவிலில் என் கணவரின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போய் வந்ததும் நாலு நாள் வயிற்றுப்போக்கு. மாத்திரை போட்டேன், நின்றுவிட்டது. பத்து நாள் கழித்துக் கால்விரல்களில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடுதி மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் ஓடிவந்தாள்.

"அக்கா, செருப்ப விட்டுட்டு வர்றீங்க."

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எந்தப் படியில் கழன்றது என்று என் காலுக்குத் தெரியவே இல்லை.

பக்கத்துக் கிளினிக்கில் சத்துக்குறைவு என்று ஊசி போட்டார்கள். அடுத்த நாள் காலை கழிப்பறையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கையை ஊன்றினேன், கையும் மடங்கிவிட்டது. கதவை உள்ளே தாழ்போட்டிருந்தேன். என் கணவர் அதை உடைத்துத்தான் என்னைத் தூக்கினார். திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். நல்ல கால் தானாகத் துள்ளும். என்னுடையது தொங்கிக்கொண்டிருந்தது. நரம்பில் லேசாகக் கரண்ட் வைத்து ஒரு சோதனை, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து ஒரு சோதனை. கையில் இருந்ததெல்லாம் இரண்டே நாளில் கரைந்தது. கோயம்புத்தூரில் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அங்கே காப்பீட்டு அட்டையில் மருந்து கிடைக்கும் என்று அவர்களே எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அங்கிருந்த நரம்பு டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "இதுக்குப் பேரு கீயன்-பாரேங்க. உங்களுக்கு வயித்துப்போக்கு வந்துச்சில்லீங்களா, அந்தக் கிருமியை அடிக்கக் கெளம்புன உங்க உடம்பு, இப்ப ஆளு தெரியாம உங்க நரம்பையே அடிச்சிட்டிருக்குது. கரண்டு ஒயர் மேல ரப்பர் உரிஞ்சா எப்படி லைட் எரியாதோ, அது மாதிரி. ரப்பர் மறுபடியும் வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும். அதுவரைக்கும் மூச்சு நரம்புக்கு ஏறாம இருக்கோணும், அவ்வளவுதானுங்க."

ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று தினமும் எண்ணச் சொன்னார்கள். முதல் நாள் இருபத்தாறு. மறுநாள் காலை பதினாலு. அன்று சாயங்காலம் ஏழு. ஏழுக்கு மேல் எட்டு வரவில்லை. டாக்டரம்மா என் கணவரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவர் என் நெற்றியில் கை வைத்தார். என்னிடம் மூன்று வருடமாகச் சொல்லாத ஒன்று இருந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க, கேஸ் அடுப்ப அணைச்சிட்டு வந்தீங்களா?" என்றேன்.

"அணைச்சிட்டேன் சாமி," என்றார். பிறகு குழாயைப் போட்டார்கள்.

வென்டிலேட்டர் என்றால் பலரும் நினைப்பது போல நான் நினைவிழந்து கிடக்கவில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் பக்கத்தில் நின்றுகொண்டே "தேறுமா தேறாதா" என்று பேசியவர்கள் உண்டு. எல்லாம் கேட்கும். கொசு உட்கார்ந்தால் தெரியும். முதுகில் போர்வை மடிந்திருந்தால் அந்த மடிப்பு கத்தி போல அறுக்கும். ஆனால் விரல் நுனியைக்கூட அசைக்க முடியாது. கண்ணிமை மட்டும் பாதி மூடும், பாதி திறக்கும். பத்து நாள் கழித்து வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையில் துளை போட்டு அதில் பொருத்தினார்கள். சளியை உறிஞ்சி எடுக்கும்போது உயிர் போய் வரும். சிஸ்டர் ஒருத்தி ஒவ்வொரு முறையும் "அஞ்சே செகண்டுக்கா, நான் எண்ணுறேன்" என்று சொல்லிவிட்டு உரக்க எண்ணுவாள். அவள் ஒருநாள்கூட ஐந்தைத் தாண்டியதில்லை.

ஜெனி கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து தலையில் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டுவிடுவாள். என் கணவர் கம்பெனியிலிருந்து மெத்தென்ற பனியன் துணி கொண்டுவந்து, என் குதிகால் புண்ணாகாமல் இருக்க உறை தைத்துப் போட்டார். பார்க்க அனுமதிக்கும் ஒரு மணி நேரமும் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

லட்சுமி முதன்முதலாக வந்தது குழாய் போட்ட மூன்றாம் நாள். மதியம் இரண்டு மணி இருக்கும், சுவர்க் கடிகாரம் எனக்குத் தெரியும்படி இருந்தது. என் காலடியில், திரைச்சீலையை ஒட்டி நின்றாள். நைட்டி, அதன்மேல் துப்பட்டா. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். நான் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கிறவளைப் போல நின்றாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பலருக்கும் இப்படித் தோன்றும், மூளையின் களைப்பு என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் அவளை அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம் களைப்பு இல்லை.

அவள் முழுப்பெயர் முத்துலட்சுமி. பத்தொன்பது வயது. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மதியம் என் அறை வாசலில் வந்து நின்றாள். மற்ற பெண்கள் எல்லோரும் ஷிஃப்டில். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நேரம். இவள் மட்டும் காய்ச்சலென்று இரண்டு நாளாக அறையில் படுத்திருந்தாள். நான் மறுநாள் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் கட்ட வேண்டிய புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது என் முறை.

"அக்கா, வயிறு தாங்க முடியல க்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீகளா?" என்று கேட்டாள்.

போன மாதம் இவளே காய்ச்சலென்று விடுப்பு எடுத்துவிட்டு மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். அதோடு, சும்மா சும்மா பெண்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்று மேனேஜரிடம் அந்த வாரம்தான் திட்டு வாங்கியிருந்தேன். வண்டி கேட்டு அவருக்குப் போன் செய்ய எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டி, "இதப் போட்டுட்டுப் படு கண்ணு, காலைல பாத்துக்கலாம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கியதும் போய்விட்டாள்.

காலையில் நான் பார்க்கவில்லை. எட்டு மணிக்கே கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். ஆராதனையில் போனை அமுக்கி வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பதினோரு அழைப்புகள். அவளுடன் தங்கியிருந்த பெண்கள் அவளை ஆட்டோவில் கொண்டுபோயிருந்தார்கள். டெங்கு, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றியே காப்பாற்றியிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். திங்கட்கிழமை இறந்துபோனாள்.

அவள் அம்மா காளியம்மாள் பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எம் புள்ள ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

"இல்லீங்க," என்றேன். "ஒரு வார்த்தை சொல்லலீங்க. சொல்லியிருந்தா உடனே கூட்டிட்டுப் போயிருப்பனுங்க."

அந்த அம்மா என்மேல் கோபப்படவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "வாய்தெறக்க மாட்டா. போற எடத்துல யாரையும் தொந்தரவு பண்ணாதேன்னு நாந்தான சொல்லிச் சொல்லி வளத்தேன். நாந்தான் கொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரை அணைத்துக்கொண்டேன். அணைத்துக்கொண்டு, நீங்கள் காரணமில்லை என்று ஆறுதல்கூடச் சொன்னேன். மறுநாள் கம்பெனியில் ஒரு காகிதத்திலும், அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து நான் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குபெறவில்லை. அது நடக்கும் மாதத்தின் முதல் ஞாயிறுகளில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், அல்லது பாதியில் எழுந்து வந்துவிடுவேன். ஜெபத்தில் மட்டும் தினமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் அப்படித் தூங்க முடியவில்லை. ஒவ்வொரு மதியமும் அவள் வந்து நின்றாள். ஒருநாள் என் கணவர், என்னோடு பேசுவதற்காக, துணி வெட்டும் பேட்டர்ன் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தார். முதலில் இருநூற்று நாற்பத்தேழையும் எழுதியிருந்தார். ஜெனி சிரித்துவிட்டு, உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் போதும் என்று புதிதாக எழுதினாள். அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு போக வேண்டும், சரியான எழுத்து வரும்போது நான் இமையைத் தாழ்த்த வேண்டும். தண்ணீர் கேட்பேன், வலி என்பேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் முதலில் 'ல்' வந்தபோது இமை தாழ்த்தினேன். அடுத்தது 'ட்'.

"லைட்டா?" என்றார் என் கணவர், முகம் மலர்ந்து. "லைட்டு கண்ணைக் கூசுதா? ஏஞ் சாமி, இத்தன நாளா தெரியாமப் போச்சே!"

ஓடிப்போய்ச் சிஸ்டரிடம் கேட்டு என் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டார். ஜெனி கை தட்டினாள். என் கட்டிலைச் சுற்றி இருட்டாயிற்று. லட்சுமி அந்த இருட்டிலும் அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகு நான் அந்த அட்டையில் வலி, தாகம், வெக்கை என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் சபை ஆயர் முப்பது வயதுக்காரர், தூத்துக்குடிப் பக்கம். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து ஜெபிப்பார். உம்முடைய பிள்ளையின் பாவங்களை எல்லாம் மன்னித்துவிட்டீர், அதற்காக ஸ்தோத்திரம் என்று அவர் ஜெபிக்கும்போது என் கண்ணிலிருந்து நீர் ஓடும். அதை ஆறுதல் என்று நினைத்துத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். எனக்கோ, கேட்டும் என் கைக்கு வராத ஒன்றை என் பெயரில் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போவது போல இருக்கும். என்னை இப்படிப் படுக்கவைத்தது ஆண்டவர்தான், பேசாமல் விட்டதற்குப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டார் என்று நான் உறுதியாக நம்பினேன். கல்யாணச் சாப்பாட்டுக் கிருமி என்று டாக்டரம்மா சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

நாற்பத்திரண்டு நாள் இயந்திரத்தில் இருந்தேன். காப்பீட்டு அட்டையில் ஐந்து நாள் போட்ட விலையுயர்ந்த ஊசி மெல்ல வேலை செய்தது. முதலில் தோள் லேசாகத் துடித்தது. பிறகு இடது கட்டைவிரல். இயந்திரத்தைப் பகலில் கொஞ்ச நேரம், பிறகு அரை நாள் என்று எடுத்துப் பழக்கினார்கள். தொண்டைத் துளையை மூடி, "பேசிப் பாருங்கக்கா" என்றாள் அந்தச் சிஸ்டர். கட்டிலருகில் என் கணவர் நின்றார். தகரத்தைத் தேய்ப்பது போல ஒரு குரல் வந்தது. அது என்னுடையது.

"லைட்டு இல்லீங்க. லட்சுமி," என்றேன்.

எல்லாவற்றையும் சொல்ல மூன்று நாளானது, ஏனென்றால் நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு இல்லை. முதல் நாள் அவர் தலையாட்டினார். மூன்றாம் நாள் நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார்.

"ஆண்டவர்கிட்டச் சொல்லியாச்சில்ல? அதுக்கு மேல யாருகிட்டச் சொல்லோணும்? அவங்க கேஸ் போட்டா என்ன பண்ணுவே? ஜெனி படிச்சிட்டிருக்கா. உன்னால ஒரு டம்ளரைத் தூக்க முடியல எஸ்தரு. போலீஸ் ஸ்டேஷன் படியை எப்படி ஏறுவே?"

"தூக்கிட்டுப் போங்க," என்றேன்.

அவர் வெளியே போனார். அன்று என் உள்ளங்காலைத் தேய்த்துவிட வரவில்லை. எங்கள் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அப்படி ஒருநாள் இருந்ததில்லை.

ஆயர் வந்தபோது அவரிடமும் சொன்னேன். தலை குனிந்து கேட்டார். பிறகு, மனந்திரும்பிக் கேட்டவர்களை ஆண்டவர் தள்ளுவதில்லை என்றார்.

"அப்புறம் ஏனுங்கையா அவ இன்னும் வர்றா?"

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. ஜெபம் பண்ணாமலே எழுந்து போனார். ஆனால் மறுவாரம் வரை காத்திராமல் மூன்றாம் நாளே பஸ் ஏறி வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னதுல தப்பில்ல, ஆனா பாதிய விட்டுட்டேன். ஆண்டவர் உங்கள மன்னிக்கிறதுக்கு அந்தம்மா கையெழுத்துப் போடணும்னு இல்ல. அத அவரு சிலுவையிலயே செஞ்சு முடிச்சிட்டாரு. ஆனா நீங்க சொன்ன பொய்யி இன்னும் அந்த வீட்டுல இருக்கு. தான் வளத்த வளப்புதான் புள்ளயக் கொன்னுச்சுன்னு ஒரு தாயி நம்பிக்கிட்டு இருக்காங்க. மன்னிப்பு வாங்குறதுக்குப் போகாதீங்க. அந்தப் பொய்ய எடுத்துட்டு வர்றதுக்குப் போங்க. அவங்க மன்னிக்கலன்னாலும் அத எடுத்துட்டு வாங்க." பிறகு, "எனக்கும் இது புதுசுதான் க்கா," என்றார்.

அதுவரை நான் என் மன்னிப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டதை மறந்தே போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் உடற்பயிற்சி. குழந்தை போலப் புரள, உட்கார, ஸ்பூன் பிடிக்கப் பழகினேன். வாக்கரில் முற்றம் வரை நடந்த அன்று என் கணவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். விடுதிச் சமையல்கார அம்மாவிடம் கேட்டு வாங்கிய முகவரி.

"வெள்ளிக்கிழமை காலைல கார் சொல்லியிருக்குது," என்றார். "நானும் உள்ள வர்றேன். நீ மட்டும் சொல்ல வேண்டாம்."

போவதற்கு முன் நடந்ததை அப்படியே ஒரு தாளில் எழுதினேன். விரல்கள் பேனாவைச் சரியாகப் பிடிக்காததால் இரண்டு பக்கம் எழுத நாலு நாளாயிற்று. ஜெனி எழுதித் தருகிறேன் என்றாள். அது என் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். அவளுக்கு அப்போதுதான் முழுதும் தெரியும். படித்துவிட்டு, "அந்த அக்காவுக்கு என் வயசும்மா," என்றாள்.

முதுகுளத்தூரைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. காளியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரமாயிற்று.

"வார்டன் மேடமா? என்னத்தா இப்படி ஆகிப்போனீக!" ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தார். கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் செய்து என் வாயருகே டம்ளரைப் பிடித்தார். சுவரில் லட்சுமி, பள்ளிச் சீருடையில். அந்த அம்மாவின் கை என் முகவாயைத் தாங்கியிருந்தபோதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, இல்லாவிட்டால் முடியாது.

"லட்சுமி எங்கிட்டச் சொன்னாளுங்க," என்றேன். "சனிக்கிழமை மத்தியானம் வந்து கேட்டா. நாந்தான் கூட்டிட்டுப் போகலை. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். கலர் சிந்தவில்லை. மெதுவாகத்தான் வைத்தார்.

"கேட்டாளா?"

"கேட்டா."

"வாயத் தெறந்து கேட்டாளா? என்னன்னு கேட்டா?"

சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளை அவள் சொன்னபடியே சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அப்போதுதான் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு வராது.

வாசலில் லட்சுமியின் அப்பா நின்றிருந்தார், ஆட்டுக்குக் குழை வெட்டிய அரிவாளோடு. எப்போது வந்தாரென்று தெரியவில்லை. என் கணவர் எழுந்து எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் எங்களைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். மகளை ஊமையாய் வளர்த்துக் கொன்றாயே என்று அவர் மூன்று வருடமாக மனைவியைக் குத்திவந்ததை, அந்த அம்மா பின்னால் ஒருநாள் என்னிடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வந்து, காளியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

நான் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். சொல்லியிருக்கக் கூடாது. காளியம்மாள் நிமிர்ந்தார்.

"ஒங்க சாமி மன்னிச்சா அது ஒங்களுக்கும் அவருக்கும். எனக்கு அந்த வார்த்த வாயில வரலத்தா. வராது."

"வர வேண்டாமுங்க," என்றேன். தாளைக் கொடுத்தேன். இதை வைத்து என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், நான் மறுக்க மாட்டேன் என்றேன். லட்சுமியின் அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கெளம்புங்க," என்றார். "வெயில் ஏறிரும். ஒடம்பு சரியில்லாத ஆளு."

கம்பெனிக்கும் அதன் நகலை அனுப்பினேன். பதில் இல்லை. நான் கொடுத்த தாள் இன்னும் லட்சுமி வீட்டாரிடம் இருக்கிறது. என்றாவது காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கதவைத் தட்டலாம். என் கணவர் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் திருவிருந்துக்கு இருந்தேன். முழங்கால் மடியாததால் ஆயர் பெஞ்சுக்கே அப்பத்தைக் கொண்டுவந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். ஏதோ ஒரு பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் எழுந்து ஓட வேண்டும் என்றும் தோன்றவில்லை. மூன்று வருடத்தில் முதன்முறையாக ஆண்டவர் முன்னால் நான் ஒளிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நான் மன்னிக்கப்பட்டிருக்கிறேன் என்று நம்புகிறேன். லட்சுமி இன்னும் சில மதியங்களில் வருகிறாள். அவளைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

முதுகுளத்தூர் போய் வந்த பதினெட்டாம் நாள் காளியம்மாளிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கவில்லை. அன்று லட்சுமி என்ன நிறத் துப்பட்டா போட்டிருந்தாள் என்று கேட்டார். பச்சை என்றேன். வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து மறுபடி. தனியாக நடந்து வந்தாளா, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாளா? இப்படி ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு கேள்வி, சில சமயம் இரண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். ஒருமுறை, மாத்திரையை வாங்கிக்கொண்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று மதியமும் போன் வந்தது.

"அன்னிக்கு மத்தியானம் ஹாஸ்டல்ல என்ன சோறு?"

"லெமன் சாதமுங்க. உருளைக்கெழங்கு."

"சாப்பிட்டாளா?"

"இல்லீங்க. தட்டுல சோறு அப்படியே இருந்துச்சுன்னு அப்புறமாச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் தூரத்தில் ஆடு கத்தியது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"லெமன் சாதம்னா அவளுக்கு உசுரு," என்றார் காளியம்மாள். பிறகு, "சரி, வையிங்க. வேறென்ன கேக்கணும்னு யோசிச்சு வைக்கிறேன்," என்றார்.